ஊரோடு உட்கார்ந்து நெடுஞ்சாலைத் திட்டம் போடுவது எப்படி?

கிராமப்புற நெடுஞ்சாலை ஒன்றை மேம்படுத்தப் போகிறோம் என்றதும் எழும் முதல் கேள்வி, "நான்குவழியா, இருவழியே போதுமா?" என்பதுதான். அதற்கு அலுவலகத்திலேயே விடை எழுதி, வரைபடமும் போட்டு முடித்த பிறகு கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும். அந்த நேரத்தில் ஊர்க்காரர்களுக்கு மிச்சமிருப்பது இரண்டே வேலை: தலையாட்டுவது, இல்லையென்றால் எதிர்ப்பது. எந்த வளைவில் மழைநாளில் வண்டி சறுக்கும், எந்த மதகு நிரம்பி வழியும், பிள்ளைகள் எங்கே சாலையைக் கடக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்த எதுவும் அந்த வரைபடத்துக்குள் போய்ச் சேராது.

இந்த வழிகாட்டி வரிசையை மாற்றிப் போடுகிறது. அளப்பதும் கேட்பதும் முதலில், கோடு போடுவது அப்புறம். சாலைத் துறையில் வேலை பார்ப்பவர்களையும், உள்ளாட்சியில் பொறுப்பில் இருப்பவர்களையும், "எங்கள் சாலைக்கு ஏதாவது செய்யுங்கள்" என்று மனு எழுதிக்கொண்டிருக்கும் ஊர்க்குழுக்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். ஒழுங்காகச் செய்தால் ஓராண்டுக்கு மேல் பிடிக்கும் வேலை இது. அவசரப்பட்டு மூன்று மாதத்தில் முடித்தால், மிச்சப்படுத்திய காலமெல்லாம் பின்னால் வழக்கிலும் போராட்டத்திலும் போய்விடும்.

1. எது திறந்த கேள்வி, எது முடிந்துபோன முடிவு?

முதல் நாளில் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். சாலையின் எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை ஆய்வு செய்கிறோம், எத்தனை ஆண்டுக்குத் திட்டமிடுகிறோம் (வழக்கமாக 20), பணம் ஒதுக்கியாயிற்றா இல்லையா, எந்தெந்த முடிவுகளில் மக்கள் கருத்துக்கு உண்மையிலேயே இடமிருக்கிறது. இவ்வளவுதான். பணம் இன்னும் ஒதுக்கவில்லை என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். "அடுத்த ஆண்டே வேலை தொடங்கிவிடும்" என்று மக்கள் நினைத்துக்கொண்டால், இரண்டாவது கூட்டத்துக்கு யாரும் வரமாட்டார்கள்.

பொதுமக்கள் பங்கேற்புக்கான பன்னாட்டுச் சங்கம் பங்கேற்பை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறது: தகவல் தெரிவிப்பது, கருத்துக் கேட்பது, வேலையில் ஈடுபடுத்துவது, சேர்ந்து முடிவெடுப்பது, முடிவையே மக்களிடம் விட்டுவிடுவது. ஒரே திட்டத்தில் வெவ்வேறு விஷயங்கள் வெவ்வேறு நிலையில் இருக்கலாம். பாலத்தின் தாங்குதிறன் பொறியாளரின் பொறுப்பு. அதில் மக்களுக்குத் தகவல் சொன்னால் போதும். பேருந்து நிறுத்தம் எந்தப் பக்கம், நடுத்திட்டில் எங்கே வழிவிடுவது என்பதையெல்லாம் ஊரோடு சேர்ந்தே முடிவு செய்யலாம். தகவல் மட்டும் சொல்லப்போகும் இடத்தில் "உங்கள் கருத்தே இறுதி" என்று மேடையில் பேசிவிடுவதுதான் தவறு. தீமை என்னவோ சின்னதாகத்தான் தெரியும், ஆனால் அது திட்டம் முழுவதற்கும் ஒட்டிக்கொள்ளும்.

2. அலுவலகத்தில் கிடைக்கும் எண்களைத் திரட்டுங்கள்

வண்டிக் கணக்கெடுப்பு, விபத்துப் பதிவுகள், வேக அளவீடு, பாலம் மற்றும் மதகுகளின் நிலை, சாலைக்குச் சொந்தமான நிலத்தின் எல்லை, வெள்ளம் ஏறிய வரலாறு. இவை அடிப்படை. ஒவ்வொன்றிலும் கவனிக்க வேண்டிய ஒரு சிக்கல் இருக்கிறது.

வண்டிக் கணக்கெடுப்பு எந்த மாதத்தில் நடந்தது என்று பாருங்கள். அறுவடைக் காலத்தில் ஒரு கிராமச் சாலை வேறு சாலையாகிவிடும். டிராக்டரும் டிரெய்லரும் லாரியும் சேர்ந்து நகரும். பின்னால் வருபவர்கள் பொறுமை இழந்து முந்துவார்கள். அமைதியான வாரத்தில் எடுத்த எண்ணிக்கையில் இதெல்லாம் தெரியாது. நடந்து போகிறவர்களையும் சைக்கிளில் போகிறவர்களையும் பல கணக்கெடுப்புகள் எண்ணுவதே இல்லை. எண்ணாதவர்களுக்காக யாரும் எதுவும் கட்டமாட்டார்கள்.

எண்ணிக்கையை விட எடை முக்கியமான இடமும் உண்டு. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த பெரிய சாலைச் சோதனையிலிருந்து கிடைத்த விதி, அச்சுச் சுமையின் (வண்டியின் ஒரு சக்கர அச்சு சாலைமேல் ஏற்றும் எடையின்) நான்காம் அடுக்குக்கு ஏற்பச் சாலை சேதமாகும் என்பது. அச்சுச் சுமை இரட்டிப்பானால் சேதம் சுமார் 16 மடங்கு. தார் ஏன் இவ்வளவு சீக்கிரம் பெயர்கிறது என்று ஊர் கேட்டால், கார்களை விட்டுவிட்டு அந்தச் சாலையில் ஓடும் கனரக லாரிகளை எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

எதிர்கால வளர்ச்சியைக் கணிக்கும்போது ஒரே எண்ணை நம்பாதீர்கள். ஆண்டுக்கு 3 சதவீதம் என்று வைத்தால் 20 ஆண்டில் வண்டிகள் சுமார் 1.8 மடங்கு ஆகும். 5 சதவீதம் என்று வைத்தால் 2.65 மடங்கு. இந்த இரண்டு சதவீத வித்தியாசத்தில்தான் "இருவழி போதும்" என்பது "நான்குவழி வேண்டும்" என்று மாறிவிடுகிறது. அதனால் குறைந்தது, நடுத்தரம், அதிகம் என மூன்று கணிப்புகளையும் வைத்துக்கொண்டு, மூன்றையும் மக்களிடம் காட்டுங்கள்.

விபத்துப் பதிவுக்கு வருவோம். மூன்று முதல் ஐந்து ஆண்டுப் பதிவுகளை எடுப்பது வழக்கம். ஆனால் வண்டி குறைவாக ஓடும் சாலையில் ஒரு குறிப்பிட்ட வளைவில் ஐந்து ஆண்டில் இரண்டு விபத்து நடந்திருந்தால், அதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அடுத்த ஐந்து ஆண்டில் அங்கே ஒன்றும் நடக்காமல் போகலாம். பக்கத்து வளைவில் மூன்று நடக்கலாம். அதோடு, வேலியில் இடித்துவிட்டுத் தானே கிளம்பிப் போன வண்டி, பள்ளத்தில் இறங்கி டிராக்டர் வைத்து இழுத்த கார், இவையெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. இந்த ஓட்டையை அடைக்க ஊர்க்காரர்களின் நினைவு ஒன்றுதான் வழி.

3. சாலை முழுவதையும் போய்ப் பாருங்கள்

பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை, முடிந்தால் மழையில் ஒரு முறை. காரில் மட்டும் போகாதீர்கள். லாரியின் உயர்ந்த இருக்கையிலிருந்து தெரியும் மேடு, சின்னக் காரிலிருந்து தெரியாது. சில பகுதிகளை நடந்தே கடக்க வேண்டும். தார் முடிந்து புருவம் (தாருக்கு வெளியே உள்ள சாலையோரப் பட்டை) தொடங்கும் இடத்தில் எத்தனை அங்குல இறக்கம் இருக்கிறது, வளைவின் உட்புறத்தில் புதர் மறைக்கிறதா, வேலிக் கம்பிகளில் புதிதாக மாற்றியவை எவை, மரத்தில் உரசிய தழும்பு உண்டா என்றெல்லாம் பாருங்கள்.

கையில் இருக்க வேண்டிய கணக்கு ஒன்று: ஆபத்தைக் கண்டு, மூளை உணர்ந்து, பிரேக் பிடித்து நிற்க 80 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 130 மீட்டர் வேண்டும். 100 கிலோமீட்டர் வேகத்தில் சுமார் 185 மீட்டர். ஒவ்வொரு வளைவிலும் மேட்டிலும் நின்று, எவ்வளவு தூரம் தெரிகிறது என்று அளந்து இந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். பலகையில் எழுதிய வேகத்தை விட்டுவிட்டு, வண்டிகள் உண்மையில் ஓடும் வேகத்துக்கு ஒப்பிட வேண்டும். நூறில் 85 பேர் எந்த வேகத்தைத் தாண்டாமல் ஓட்டுகிறார்களோ அதை எடுத்துக்கொள்வது துறையின் வழக்கம்.

4. மக்களிடம் கேட்பது: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

"உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று ஆரம்பிக்காதீர்கள். அப்படிக் கேட்டால் கிடைப்பது ஒரு பட்டியல்: வேகத்தடை, சிக்னல், மேம்பாலம். தீர்வைச் சொல்வது அவர்கள் வேலை இல்லை. அங்கே என்ன நடக்கிறது என்று அவர்களைப் போல வேறு யாராலும் சொல்ல முடியாது. ஆகவே நடப்பதைக் கேளுங்கள்.

இப்படிக் கேட்கலாம்: இந்தச் சாலையில் கடைசியாக எப்போது பயந்தீர்கள், எந்த இடத்தில்? பிள்ளைகளைத் தனியாக விடாத இடம் எது? மழை பெய்தால் எந்த வழியைத் தவிர்ப்பீர்கள்? மயிரிழையில் தப்பிய சம்பவம் ஏதாவது உண்டா, எந்த நேரத்தில்? ஆம்புலன்ஸ் வரும்போது எங்கே தாமதமாகிறது? இந்தச் சாலையால் நீங்கள் செய்யாமல் விட்ட வேலை எது? கடைசிக் கேள்வி விநோதமாகத் தோன்றும். ஆனால் "இருட்டிய பிறகு எதிர்ப்பக்கம் இருக்கும் உறவுக்காரர் வீட்டுக்கு நடந்து போவதை நிறுத்திவிட்டோம்" என்பது போன்ற பதில்கள் அதிலிருந்துதான் வரும். நடந்து போவதையே விட்டவர் விபத்துக் கணக்கிலும் வரமாட்டார், நடப்பவர் எண்ணிக்கையிலும் வரமாட்டார்.

யாரைக் கேட்பது? கூட்டத்துக்கு வருகிறவர்களை மட்டும் கேட்டால், நிலம் போய்விடுமோ என்று பயப்படும் உரிமையாளர்களும் பேசிப் பழகியவர்களும்தான் அகப்படுவார்கள். அவர்கள் கவலை நியாயமானதுதான், ஆனால் அது மட்டுமே சாலை ஆகிவிடாது. பள்ளிப் பேருந்து ஓட்டுநர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், தபால் கொண்டுவருபவர், பால் வண்டிக்காரர், சாலைப் பராமரிப்புத் தொழிலாளி, இழுவை வண்டி வைத்திருப்பவர், கால்நடைகளைக் குறுக்கே ஓட்டிப் போகிறவர் ஆகியோரைத் தனித்தனியாகத் தேடிப் போய்ப் பேசுங்கள். இவர்களில் ஒருவரோடு அரை மணி நேரம் பேசுவது, நூறு பேர் நிரப்பிய படிவத்தை விட மேல் என்பது என் எண்ணம். நாள் தவறாமல் ஒரே சாலையில் போய்வருபவர்கள் அவர்கள். ஊரைக் கடந்துபோகும் லாரி ஓட்டுநர்களையும் மறக்காதீர்கள். எரிபொருள் நிலையத்திலோ எடைமேடையிலோ பிடிக்கலாம். வயதானவர்களும் மாற்றுத்திறனாளிகளும் சாலையைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு. பெண்கள் பேருந்து நிறுத்தத்தைப் பற்றிச் சொல்வதும் ஆண்கள் சொல்வதும் ஒன்றாக இருக்காது. கலந்த கூட்டத்தில் பெண்கள் பேச வாய்ப்புக் குறைவு என்றால் தனியாக ஒரு கூட்டம் வையுங்கள்.

கூட்டம் நடத்தும் முறையும் முக்கியம். மேடை, மைக், வரிசையாக நாற்காலி என்று வைத்தால் அது பேச்சுப் போட்டியாகிவிடும். பெரிய மேசைகளில் சாலையின் நீளமான வரைபடத்தைக் கிலோமீட்டர் கல், கோயில், பள்ளி, பாலம் எல்லாம் குறித்து விரித்துவையுங்கள். மேசைக்கு எட்டுப் பேர், கையில் பேனாவும் ஒட்டுக் காகிதமும். திட்டக் கோடு எதுவும் அந்த வரைபடத்தில் இருக்கக் கூடாது. ஒரே ஒரு சிவப்புக் கோடு இருந்தாலும் எல்லாக் கண்ணும் "என் வீடு போகிறதா?" என்று அதைத்தான் தேடும், வளைவைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒரு ஆள் எழுதிக்கொள்ள வேண்டும். அவர் வாதாடக் கூடாது. "அப்படியெல்லாம் இல்லையே, எங்கள் பதிவில் அங்கே விபத்தே இல்லை" என்று ஒரு அதிகாரி சொன்னால் போதும், அந்த மேசை அதோடு மூடிக்கொள்ளும்.

நேரம்: விதைப்பு, அறுவடை, தேர்வு, திருவிழா நாட்களைத் தவிருங்கள். ஒரே கூட்டத்தை மாலையிலும் விடுமுறை நாள் காலையிலும் இரண்டு இடங்களில் நடத்தினால் முதல் கூட்டத்துக்கு வர முடியாதவர் இரண்டாவதற்கு வருவார். இணையப் படிவம் வைக்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பினால் இணைய வசதியுள்ளவர்களின் சாலையைத்தான் திட்டமிடுவீர்கள்.

5. கேட்டதை எண்ணோடு பொருத்துங்கள்

வந்த கருத்துகளை வாக்குகள் போல எண்ணாதீர்கள். ஒரே கடிதத்தை 200 பேர் கையெழுத்திட்டு அனுப்பினால் அது ஒரு கருத்து, 200 பேர் ஆதரவுடன். ஒரே ஒரு ஆம்புலன்ஸ் ஓட்டுநர் சொன்ன தகவல், அது உண்மையானால், அதே அளவு கனமானது.

ஒவ்வொரு கருத்தையும் கிலோமீட்டர்வாரியாகப் பட்டியலிடுங்கள். பக்கத்திலேயே விபத்துப் பதிவு, வேகம், பார்வைத் தூரம், வெள்ளக் குறிப்பு. இப்போது மூன்று விதமான இடங்கள் தெரியும். மக்களும் பதிவும் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே சந்தேகமில்லை. மக்கள் சொல்கிறார்கள், பதிவில் இல்லை என்றால் மறுபடி போய் அளந்து பார்க்க வேண்டும். பெரும்பாலும் அங்கே பார்வைத் தூரம் குறைவாகவோ ஓரத்தில் இறக்கமாகவோ இருக்கும். மூன்றாவது வகைதான் சுவாரசியமானது: பதிவில் விபத்து இருக்கிறது, ஊரில் யாருமே சொல்லவில்லை. வெளியூர் வண்டிகள் மாட்டிக்கொள்ளும் இடம் அது. உள்ளூர்க்காரர்களுக்கு வளைவு பழகிப்போய்விட்டது. அங்கே எச்சரிக்கைப் பலகையும் வளைவைக் காட்டும் அம்புக்குறிகளும் முதல் மருந்து.

6. தேவையை ஒரு பத்தியில் எழுதுங்கள்

"இச்சாலையை நான்குவழியாக அகலப்படுத்துவது அவசியம்" என்பது தேவை இல்லை, தீர்வு. "12ஆவது கிலோமீட்டருக்கும் 19ஆவது கிலோமீட்டருக்கும் இடையே முந்த வாய்ப்பில்லாததால் நேருக்கு நேர் மோதல்கள் நடக்கின்றன, இரண்டு இடங்களில் வெள்ளம் சாலையை மூடுகிறது, பள்ளி அருகே கடக்கப் பாதுகாப்பான இடமில்லை." இதுதான் தேவை. இப்படி எழுதினால் மலிவான தீர்வும் போட்டிக்கு வர வழி கிடைக்கும். இந்தப் பத்தியை ஊருக்குக் காட்டி, "நாங்கள் சரியாகத்தான் புரிந்துகொண்டோமா?" என்று கேளுங்கள். எந்த வரைபடத்தையும் விட இந்தப் பத்தியில் கிடைக்கும் ஒப்புதல் பின்னால் அதிகம் உதவும்.

7. தெரிவுகள்: பெரியதில் ஆரம்பிக்க வேண்டாம்

ஒரு இருவழிச் சாலை ஒரு திசையில் மணிக்குச் சுமார் 1,700 கார்கள் வரை தாங்கும். பெரும்பாலான கிராமப்புற நெடுஞ்சாலைகள் அந்த எண்ணை நெருங்குவதே இல்லை. அங்கே நெரிசல் என்று மக்கள் சொல்வது, மெதுவாகப் போகும் வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொள்வதைத்தான். அதற்கு முழு நீளத்துக்கும் நான்குவழி தேவையில்லை. சில கிலோமீட்டர் இடைவெளியில் முந்துவதற்கான கூடுதல் வழி போதும். ஸ்வீடன் இதை ஒரு படி மேலே கொண்டுபோனது. 13 மீட்டர் அகலமான பழைய சாலைகளை இடிக்காமல், இரண்டு வழி ஒரு பக்கம், ஒரு வழி மறுபக்கம் என மாறி மாறி அமைத்து, நடுவில் கம்பித் தடுப்பு வைத்தார்கள். முதல் சாலை 1998இல் வந்தது. இந்த வகைச் சாலைகளில் உயிரிழப்பு ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்தது. தொடக்கத்தில் பலர் எதிர்த்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னும் மலிவானவை: நடுக்கோட்டில் அதிர்வுப் பட்டை செதுக்குவது. தூக்கக் கலக்கத்தில் கோடு தாண்டும் ஓட்டுநரைச் சத்தம் எழுப்பிவிடும். அமெரிக்க நெடுஞ்சாலை நிர்வாகத்தின் கணக்கில், இது உயிரையோ உடலையோ பாதிக்கும் நேர்மோதல்களை 44 முதல் 64 சதவீதம் குறைக்கிறது. வீடுகளுக்குப் பக்கத்தில் இந்தச் சத்தம் தொல்லை. எந்தப் பகுதியில் தவிர்க்க வேண்டும் என்று சொல்லக்கூடியவர்களும் அந்த வீட்டுக்காரர்கள்தான். புருவத்தை அகலப்படுத்திக் கெட்டிப்படுத்துவது, தார் விளிம்பைச் செங்குத்தாக விடாமல் சாய்வாக முடிப்பது, ஓர மரங்களுக்குப் பதில் தடுப்பு வைப்பது, கோடுகளை மறுபடி வரைவது போன்றவை பராமரிப்புப் பணத்திலேயே முடிந்துவிடக்கூடிய வேலைகள்.

சந்திப்புகளுக்கு வருவோம். நான்கு சாலை கூடும் சாதாரணச் சந்திப்பில் வண்டிகளின் பாதைகள் 32 இடங்களில் ஒன்றையொன்று தொடுகின்றன. ஒரே ஒரு வண்டித்தடம் உள்ள ரவுண்டானாவில் இது 8. கிளைச்சாலையில் மட்டும் நிறுத்தப் பலகை இருக்கும் சந்திப்பை ரவுண்டானாவாக்கினால் காயமும் உயிரிழப்பும் தரும் விபத்துகள் சுமார் 82 சதவீதம் குறைவதாக அதே நிர்வாகம் சொல்கிறது. காரணம் எளிது, எல்லோரும் வேகம் குறைத்தே ஆக வேண்டும்; மோதினாலும் பக்கவாட்டில் உரசும், நேராக இடிக்காது. ஊர்க்கூட்டத்தில் கட்டாயம் வரும் கேள்வி, "நெல் அறுக்கும் இயந்திரம் எப்படித் திரும்பும்?" நடுத்திட்டைச் சுற்றிச் சக்கரம் ஏறிப்போகும்படி தாழ்ந்த விளிம்பு வைத்தால் திரும்பும். ஆனால் இதை வாயால் சொல்வதை விட, மைதானத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, ஊரில் இருக்கும் மிகப் பெரிய வண்டியைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டுங்கள்.

வேகத்தைப் பற்றிய பேச்சு வந்தால் சூடு பிடிக்கும். உலகச் சுகாதார அமைப்பின் கணக்கில் சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம் கூடுகிறது. பாதசாரியும் வண்டியும் கலக்கும் இடத்தில் 30, பக்கவாட்டு மோதல் நடக்கக்கூடிய சந்திப்பில் 50, நடுத்தடுப்பு இல்லாத இருவழியில் 70 கிலோமீட்டர் என்பவை மனித உடல் தாங்கும் எல்லையை வைத்துப் பாதுகாப்பு வல்லுநர்கள் சொல்லும் அளவுகள். மறுபக்கம், 30 கிலோமீட்டர் நீளத்தை 100இல் போனால் 18 நிமிடம், 80இல் போனால் 22 நிமிடம் 30 விநாடி. வித்தியாசம் நான்கரை நிமிடம். இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுவிட்டு, முடிவைக் கூட்டத்திடம் விடுங்கள். ஊருக்குள் நுழையும் இடத்தில் பலகை மட்டும் வைத்தால் யாரும் வேகம் குறைப்பதில்லை. சாலை குறுகி, நடுத்திட்டு வந்து, ஓரம் மாறி, "இது வேறு இடம்" என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

வெள்ளத்தைப் பற்றி ஒரு விளக்கம். "50 ஆண்டு வெள்ளத்துக்குக் கட்டிய மதகு" என்றால் ஐம்பது ஆண்டுக்கு ஒன்றும் ஆகாது என்று அர்த்தமில்லை. எந்த ஒரு ஆண்டிலும் அந்த அளவை மிஞ்ச 2 சதவீத வாய்ப்பு என்று பொருள். 20 ஆண்டில் குறைந்தது ஒரு முறை மிஞ்ச சுமார் 33 சதவீத வாய்ப்பு. 25 ஆண்டு வெள்ளத்துக்குக் கட்டியிருந்தால் அது 56 சதவீதம். அந்தச் சாலைக்கு மாற்றுவழியே இல்லை, மருத்துவமனை அதன் மறுமுனையில் இருக்கிறது என்றால் எதைத் தேர்வு செய்வது என்று ஊருக்கே தெரியும். பழைய வெள்ளம் எந்தச் சுவர்வரை ஏறியது என்று காட்டச் சொல்லுங்கள். பொறியாளரின் வெள்ளக் கணக்கைச் சரிபார்க்க அதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

காட்டு வழியாகப் போகும் சாலையென்றால் விலங்குகளும் சாலையைப் பயன்படுத்துபவர்களே. கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் வேலியும், சாலைக்கு மேலும் கீழுமாகக் கடவைகளும் (விலங்குகள் கடக்கும் பாதைகளும்) அமைத்த பிறகு விலங்குகள் மீது வண்டி மோதுவது 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. கடவை எங்கே வைப்பது என்பதற்கு, எந்த இடத்தில் விலங்குகள் கடக்கின்றன என்று இரவில் ஓட்டுபவர்கள் வரைபடத்தில் வைத்த புள்ளிகள் நல்ல தொடக்கம்.

புறவழிச்சாலை பெரிய தலைப்பு. கடைக்காரர்களும் வீட்டுக்காரர்களும் எதிரெதிர்ப் பக்கம் நிற்பார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: புறவழிச்சாலை போட்டால் அதன் ஓரத்தில் புதுக் கடைகளுக்கும் நுழைவுகளுக்கும் தடை போட வேண்டும். இல்லையென்றால் பத்தாண்டில் அதுவே இன்னொரு கடைத்தெருவாகி, மறுபடி ஒரு புறவழிச்சாலைக்கு மனு வரும்.

8. திரும்பிப் போய்க் காட்டுங்கள்

பல திட்டங்கள் இந்த இடத்தில்தான் தவறுகின்றன. கேட்டுவிட்டுப் போனவர்கள் இரண்டு ஆண்டு கழித்து டெண்டரோடு வருவார்கள். முதல் சுற்று முடிந்த சில வாரங்களுக்குள் "நீங்கள் சொன்னது" என்று ஒரு சிறு அறிக்கை போடுங்கள். எல்லாக் கருத்தும் அதில் இருக்க வேண்டும், பிடிக்காதவை உட்பட. தெரிவுகள் தயாரானதும் மூன்று நெடுவரிசையில் இன்னொன்று: சொன்னது, செய்தது, செய்யாமல் விட்டால் ஏன். "சிக்னல் கேட்டீர்கள், இவ்வளவு குறைந்த வண்டியில் சிக்னல் வைத்தால் பின்னால் இடிப்பது கூடும், அதனால் ரவுண்டானா" என்று எழுதினால் மக்கள் ஏற்காமல் போகலாம், ஆனால் மதிப்பார்கள்.

நிலம் போகிறவர்களிடம் கூட்டத்துக்கு முன்பே அவர்கள் வீட்டில் போய்ப் பேசுங்கள். தன் நிலத்தின் மேல் கோடு இருப்பதைப் பொதுக் கூட்டத்துத் திரையில் முதல்முறையாகப் பார்ப்பது யாருக்கும் நடக்கக் கூடாது. முடிந்த இடத்தில் தரையில் முளையடித்து நாடா கட்டிக் காட்டுங்கள். காகிதத்தில் ஆறு மீட்டர் என்பது வேறு, தன் கிணற்றிலிருந்து எத்தனை அடி என்று கண்ணால் பார்ப்பது வேறு. சில நேரம் நாடாவைப் பார்த்ததும் எதிர்ப்பு தணியும், சில நேரம் கூடும். இரண்டுமே வேலை தொடங்கும் முன் தெரிந்தால் நல்லது.

9. வரிசைப்படுத்துங்கள்

எல்லா வேலையையும் மூன்று கூடையில் போடுங்கள். உடனே செய்யக்கூடியவை: கோடு, பலகை, புதர் வெட்டுவது, அதிர்வுப் பட்டை, பேருந்து நிறுத்தத்தை நகர்த்துவது. சில ஆண்டில் செய்யக்கூடியவை: சந்திப்பு மாற்றம், புருவம், முந்தும் வழி, மதகு. நீண்டகாலம்: வளைவை நேராக்குவது, பாலம், புறவழி. முதல் கூடையிலிருந்து இரண்டு மூன்றையாவது திட்ட அறிக்கை அச்சாகும் முன்பே செய்து முடியுங்கள். கூட்டத்துக்கு வந்தவர்கள் தாங்கள் சொன்ன புதர் வெட்டப்பட்டிருப்பதைப் பார்த்தால், அடுத்த கூட்டத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிவருவார்கள்.

மதிப்பெண் அட்டவணை போட்டு வரிசைப்படுத்துவது வழக்கம்: பாதுகாப்புக்கு இத்தனை, செலவுக்கு இத்தனை, நிலத்துக்கு இத்தனை என்று. செய்யுங்கள், ஆனால் எதற்கு எவ்வளவு எடை என்பதை முடிவு தெரியும் முன்பே ஊரோடு பேசி உறுதி செய்யுங்கள். விடையைப் பார்த்துவிட்டு எடையை மாற்றினால் அது கணக்கு இல்லை. செலவில் பராமரிப்பையும் சேர்க்க மறக்காதீர்கள். விளக்குக் கம்பம் நட ஒருவர் பணம் தருவார். அதன் மின்கட்டணத்தை யார் கட்டுவது என்று எழுதிவைக்காவிட்டால் கம்பம் மட்டும்தான் நிற்கும்.

நீண்டகால வேலைகளுக்குப் பணம் இப்போது வராது. ஆனால் இடத்தை இப்போதே காக்கலாம். எதிர்காலத்தில் ரவுண்டானா வரப்போகும் மூலையில் புதுக் கட்டடத்துக்கு அனுமதி தரும் முன் உள்ளாட்சி அந்த வரைபடத்தைப் பார்க்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். காலி மனையை வாங்குவதற்கும் மாடிவீட்டை இடிப்பதற்கும் செலவில் எவ்வளவு வித்தியாசம் என்று சொல்ல வேண்டியதில்லை. அதேசமயம், பத்தாண்டுக்கு மேல் ஒருவர் நிலத்தைக் காகிதத்தில் முடக்கிவைப்பது அநியாயம். காலக்கெடு வையுங்கள், அது முடிந்ததும் நிலத்தை விடுவியுங்கள்.

10. திட்டம் எப்போது மாறும் என்று எழுதிவையுங்கள்

அறிக்கையின் கடைசிப் பகுதி ஒரு பட்டியலாக இருக்கட்டும். "2040இல் இந்தச் சந்திப்பை மாற்றுவோம்" என்று ஆண்டைக் குறிக்காமல், எது நடந்தால் அந்த வேலை முன்னுக்கு வரும் என்று குறியுங்கள். கிளைச்சாலையில் மாலை நேர வண்டி இந்த எண்ணைத் தாண்டினால் திரும்பும் வழி. மதகு ஒரே ஆண்டில் இரண்டு முறை நிரம்பினால் அகலப்படுத்துவது. பக்கத்தில் புதுப் பள்ளியோ தொழிற்சாலையோ வந்தால் கடவை. வளர்ச்சிக் கணிப்பு பொய்த்தாலும் இந்தப் பட்டியல் பொய்க்காது. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை வண்டிகளை மறுபடி எண்ணி, பட்டியலில் எது தூண்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

பட்டியலின் ஒரு பிரதி உள்ளாட்சி அலுவலகத்திலும் ஊர்க்குழுவிடமும் இருக்க வேண்டும். அதிகாரிகள் இடமாற்றம் ஆவார்கள், கோப்பு அடியில் போகும். ஒவ்வொரு வேலைக்கும் எதிரில் பெயருக்குப் பதில் பதவியை எழுதுங்கள்: யார் எண்ணுவது, யார் தொடங்கிவைப்பது, யாரிடம் கேட்டால் பதில் கிடைக்கும்.